வடசென்னையில் கார் டயர் மாற்றும்போது: எந்த டயர், எத்தனை, அதோடு வேறு எதற்குச் செலவு

டயர் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்றுதான். வடசென்னையில் ஓடும் வண்டிக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். இப்போது கழற்றப் போகும் டயர் எதனால் போனது என்று முதலில் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கத்துச் சாலைகளிலும் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடி, ஓரத்தில் கூர்மையான விளிம்போடு குழி விட்டு வைத்திருக்கின்றன. மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் வழியில் மெட்ரோ வேலைக்குத் தோண்டியதும் மூடியதுமாகச் சாலை மேடுபள்ளமாகக் கிடக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் லாரியிலிருந்து உதிர்ந்த போல்ட்டும் கம்பித் துண்டும் சிதறிக் கிடக்கும். இப்படிப்பட்ட ஓட்டத்தில் பட்டன் (சாலையைத் தொடும், பள்ளக் கோடுகள் வெட்டிய மேல்பகுதி) சீராகத் தேய்ந்து, முழு ஆயுளும் வாழ்ந்து போகிற டயர் கொடுத்து வைத்தது. மற்றவை உள்விளிம்பு மட்டும் தேய்ந்தோ, சைடுவால் எனும் பக்கச் சுவர் வீங்கியோ, ஓடாமல் நின்றே வயதாகி வெடிப்பு விட்டோ கழிகின்றன. எது என்பதைப் பொறுத்து வாங்க வேண்டிய டயர் மாறும். சில சமயம் டயரைவிட அலைன்மென்ட்டுக்கும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) புஷ்ஷுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர்) தான் முதலில் பணம் போக வேண்டியிருக்கும்.

பழைய டயரைப் படிப்பது

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. இவை இரண்டையும் டயர் மாற்றாமலே திருத்திக்கொள்ளலாம்.

உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கவனம் தேவை. வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, முன் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வையுங்கள். உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலக் கையில் தட்டுவதாகவும் இருந்தால் 'டோ' கெட்டிருக்கிறது, அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் நேராக உருளாமல் சற்றே சாய்கோணத்தில் இழுபட்டுப் போகின்றன. கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்கு வெகு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பட்டனில் இடையிடையே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ (சக்கரம் அதிராமல் சுற்ற எடையைச் சமன் செய்வது) சந்தேகப்பட வேண்டும்.

சைடுவாலில் வெளிப்பக்கம் முட்டை போல வீங்கியிருந்தால் உள்ளே இருக்கும் பாலியெஸ்டர் நூல்கள் அறுந்துவிட்டன என்று பொருள். குழியின் விளிம்பில் டயர் நசுங்கும்போது ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் அந்த நூல்கள் சிக்கி அறுகின்றன. காற்று குறைவாக இருந்தால் இன்னும் எளிதாக அறும். இதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. ஸ்டெப்னியாக வைத்துக்கொள்வதற்குக்கூட அந்த டயர் லாயக்கில்லை. வீக்கமில்லாமல், சைடுவாலில் மேலிருந்து கீழே உள்வாங்கிய லேசான பள்ளக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடம் அது. எந்தக் கெடுதலும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல டயரைக் கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக வயது. சைடுவாலில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கம் தெரியாவிட்டால் மறுபக்கம் இருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் எவ்வளவு பட்டன் இருந்தாலும் ஓட்டக் கூடாது. வெயிலில் தெருவோரம் நிற்கும் வண்டிக்கு ஆறு ஆண்டிலேயே சைடுவாலில் மெல்லிய வெடிப்புகள் வந்துவிடும். அந்த நிலையில் மாற்றிவிடுவதே நல்லது.

கெட்டி ரப்பரா, பிடிமான ரப்பரா?

கடையில் காட்டும் டயர்களைச் சுமாராக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நீண்ட ஓட்டத்துக்கென்று விற்கப்படுபவை ஒரு பக்கம்: எம்.ஆர்.எஃப் இசட்.வி.டி.வி, அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் எக்ஸ்3, பிரிட்ஜ்ஸ்டோன் ஸ்டர்டோ போன்றவை. ஈரத் தரையில் பிடிமானத்துக்கும் சத்தம் குறைவுக்கும் விற்கப்படுபவை மறுபக்கம்: மிச்செலின் பிரைமசி 4, குட்இயர் அஷ்யூரன்ஸ் டிரிபிள்மேக்ஸ் 2 போன்றவை. எல்லா மாடலும் எல்லா அளவிலும் வராது. உங்கள் அளவைச் சொல்லி, கையிருப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்விஃப்ட், டிசையர் அடிப்படை மாடல்களில் வரும் 165/80 ஆர்14 அளவில் (அகலம் 165 மி.மீ., சைடுவால் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) கெட்டி ரப்பர் டயர் ஒன்று 4,500 ரூபாய், பிடிமான டயர் ஒன்று 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். அப்படியானால் கெட்டி டயருக்கு 19,500, பிடிமான டயருக்கு 23,500. முன்னது 50,000 கிலோமீட்டரும் பின்னது 40,000 கிலோமீட்டரும் வந்தால், கிலோமீட்டருக்கு 39 பைசாவும் 59 பைசாவும் ஆகிறது.

வருடம் 50,000 கிலோமீட்டர் ஓடும் கால் டாக்சிக்கு இந்த வித்தியாசம் வருடத்துக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய். அவர் கெட்டி ரப்பர் வாங்குவதே சரி. திருவொற்றியூரிலிருந்து அம்பத்தூருக்கோ ஓ.எம்.ஆருக்கோ தினமும் போய்வருகிறவர் வருடம் 15,000 ஓட்டுவார். அவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் வரும் கெட்டி ரப்பர் கணக்கில் நல்லதுதான். ஆனால் மழையில் வேகமாகப் போகும் தூரம் அதிகமென்றால் பிடிமான டயருக்கு என் ஓட்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் வீட்டு வண்டிக்குக் கணக்கு தலைகீழ். வருடம் 6,000 கிலோமீட்டர். ஆறு ஆண்டில் 36,000. இரண்டு டயருமே அதற்குள் தேய்ந்து முடியாது, வயதாகித்தான் கழியும். அதனால் கெட்டி ரப்பரின் கூடுதல் 10,000 கிலோமீட்டரை அவர் எப்போதுமே அனுபவிக்கப் போவதில்லை. 4,000 ரூபாய் வித்தியாசத்தை ஆறு ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 55 ரூபாய் சொச்சம். அந்தக் காசுக்கு ஈரச் சாலையில் நல்ல பிரேக் பிடிப்பும் குறைந்த இரைச்சலும் கிடைக்கிறது. "கம்மியா ஓடுற வண்டிக்கு எதுக்கு நல்ல டயர்" என்று வழக்கமாகச் சொல்வது அப்படியே தவறு.

குழி அதிகமுள்ள வழியில் தினமும் போகிறவர்கள் ரப்பரின் வகையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சைடுவாலில் சிறிய எழுத்தில் அடுக்குகளின் விவரம் அச்சாகியிருக்கும்: பட்டனுக்குக் கீழே எத்தனை ஸ்டீல், எத்தனை நைலான், எத்தனை பாலியெஸ்டர் என்றும், சைடுவாலில் எத்தனை அடுக்கு என்றும். சிறிய கார் டயர்களில் பெரும்பாலும் சைடுவாலுக்கு ஒரே பாலியெஸ்டர் அடுக்குதான். அதே அளவில் இரண்டு அடுக்கு கிடைத்தால், அல்லது 'எக்ஸ்.எல்' என்று குறியிட்ட பலப்படுத்திய டயர் கிடைத்தால், அதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். 185/65 ஆர்15 அளவில் சாதாரண டயரின் சுமைக் குறியீடு 88, அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ, எக்ஸ்.எல் என்றால் 92, அதாவது 630 கிலோ. நிறுவனம் கொடுத்ததைவிடக் குறைந்த சுமைக் குறியீட்டை எந்தத் தள்ளுபடிக்காகவும் வாங்காதீர்கள்.

எம்.ஆர்.எஃப் பற்றி ஒரு வார்த்தை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய நிறுவனம் என்பதால் இந்தப் பக்கத்து மக்களுக்கு அதன் மேல் தனிப் பாசம் உண்டு. பாசம் நியாயமானதே, ஆனால் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது அளவு, தயாரிப்பு வாரம், ரப்பர் வகை மூன்றையும் பார்த்த பிறகு பெயரைப் பார்ப்போம். எட்டு வாரத்துக்கு முன் செய்த ஒரு நிறுவனத்தின் டயரும், இரண்டு ஆண்டாகக் கடையில் கிடந்த இன்னொரு நிறுவனத்தின் டயரும் ஒரே விலையென்றால் முதலாவதே வாங்கத் தகுந்தது. எதை வாங்கினாலும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரிம்மைப் பெரிதாக்குவது

கடையில் அலாய் வீலைக் காட்டி, "15-க்குப் போயிடுங்க, 16-க்குப் போயிடுங்க" என்பார்கள். 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16 மூன்றுக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான். ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் மாறாது. மாறுவது சைடுவால் உயரம்: 14 அங்குலத்தில் 132 மி.மீ., 15-இல் 120, 16-இல் 107. குழியில் இறங்கும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த உயரம். மணலி, எர்ணாவூர், கொருக்குப்பேட்டை வழியாகத் தினமும் போகும் வண்டியில் 25 மி.மீ. சைடுவாலை இழந்தால் டயரும் வீங்கும், ரிம்மும் வளையும், லோயர் ஆர்ம் புஷ்ஷும் சீக்கிரம் போகும். 14-இல் வந்த வண்டி 14-இலேயே இருக்கட்டும்.

பழைய டயர், இரண்டு மட்டும் மாற்றுவது

செகண்ட் ஹேண்ட் டயரில் வாங்கத் தகுந்தது ஒரே வகைதான்: புது வண்டி எடுத்த கையோடு அலாய் போட்டவர்கள் கழற்றிக் கொடுத்தவை. பட்டன் மேல் ரப்பர் முடி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும், நான்கிலும் தயாரிப்பு வாரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மற்றவற்றை விட்டுவிடுங்கள். மொட்டை டயரில் கத்தியால் புதிதாகக் காடி (பட்டனில் உள்ள பள்ளக் கோடு) வெட்டி, கறுப்புப் பூச்சு பூசி விற்பது இன்னும் நடக்கிறது. காடிக்குள் பாருங்கள்: 1.6 மி.மீ. உயரத்தில் குறுக்கே ஓடும் தேய்மானத் திட்டு இல்லாமல் போயிருந்தாலோ, காடியின் அடியில் நூலோ கம்பியோ நிழலாடினாலோ அது வெட்டிய டயர். வேகத்தில் வெடிக்கும். டயரைப் புரட்டி உட்பக்கத்தையும் பாருங்கள். எத்தனை பஞ்சர் ஒட்டு என்று எண்ணிவிடலாம்.

இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் புதியவை பின்பக்கம் போகட்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்டயர்தானே சீக்கிரம் தேய்கிறது என்று கடைக்காரர் முன்னால் மாட்டப் பார்ப்பார். மழைநீர் தேங்கிய சாலையில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலரேட்டரை விட்டால் பிடிமானம் திரும்பும். பின்டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகத் திரும்பிவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. ஒரே அச்சில் இரண்டு வேறு மாடல் கூடவே கூடாது.

சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பட்டன் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் செப்டம்பரிலேயே மாற்றிவிடுங்கள். காடியின் ஆழம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. ஆழம் அளக்கும் சிறிய கேஜ் அதிக விலையில்லை. வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. முன்பு வரியோடு 5,000 ரூபாய் விற்ற டயர், அடிப்படை விலை மாறாவிட்டால் 4,610 ரூபாய்க்கு வர வேண்டும். பில்லில் 18 என்று இருக்கிறதா பாருங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் தயாரிப்புக் குறைபாட்டு வாரண்டி போய்விடும்.

டயர் ஆயுளைத் தீர்மானிக்கும் சின்னச் செலவுகள்

அலைன்மென்ட் கெட்ட வண்டியில் மேலே சொன்ன 50,000 கிலோமீட்டர் டயர் 25,000-இல் உள்விளிம்பு தேய்ந்து போகும். அப்போது 39 பைசா 78 பைசாவாகிறது. அதாவது 9,750 ரூபாய் வீண். ஒருமுறை அலைன்மென்ட்டுக்கு 500 ரூபாய் என்றால், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால்கூட மொத்தம் 2,500-தான். பெரிய குழியில் 'டம்' என்று இறங்கினால் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுச் சீட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் டோ மட்டுமே திருத்த முடியும். கேம்பர் (சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கும் கோணம்) எண் சிவப்பில் வந்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வளைந்த ஸ்ட்ரட் எதிலாவது கோளாறு. அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது பணத்தைக் குழியில் போடுவது. முதலில் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இடவலமாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் டயர்களை இடம் மாற்றுங்கள். முன்சக்கர இழுவை வண்டியில் முன்னவை நேராகப் பின்னுக்கு, பின்னவை குறுக்காக முன்னுக்கு. அம்புக்குறி போட்ட டயர் என்றால் ஒரே பக்கத்தில் முன்பின் மட்டும்.

காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் வேதம். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பி.எஸ்.ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாகிவிடும். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது அவசியமில்லை. சாதாரணக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெட்ரோல் பங்க் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடித்தால் போதும்.

பஞ்சரில் ஸ்ட்ரிப் ஒட்டு மலிவு, தெருமுனையிலேயே முடியும். நடுப்பட்டனில் ஆணி அளவு ஓட்டைக்கு அவசரத்துக்கு நல்லது. நிரந்தரமாக வேண்டுமானால் டயரைக் கழற்றி உள்ளிருந்து போடும், காளான் வடிவ 'மஷ்ரூம்' ஒட்டு. ஓட்டை 6 மி.மீ.க்கு மேல் என்றாலோ, தோள்பட்டையிலோ சைடுவாலிலோ இருந்தாலோ எந்த ஒட்டும் வேண்டாம்.

சர்வீஸ் சென்டரா, தெரிந்த ஷெட்டா?

வாரண்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டர், அதில் விவாதமில்லை. அதன் பிறகு வேலையைப் பிரித்துக் கொடுப்பதே லாபம். சிறிய பெட்ரோல் காருக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை சுமார் 3 லிட்டர் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டிரெயின் பிளக் வாஷர்: இதை நல்ல ஷெட்டிலேயே செய்யலாம். ஆயிலையும் ஃபில்டரையும் அங்கீகாரம் பெற்ற ஸ்பேர்ஸ் கடையில் நீங்களே வாங்கிக் கொடுங்கள், கையேட்டில் உள்ள கிரேடு பார்த்து. 0டபிள்யூ-16 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினில் ஷெட்டில் இருக்கும் கெட்டியான 20டபிள்யூ-40-ஐ ஊற்ற விடாதீர்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். போலி ஆயில் அடைக்க நல்ல டப்பாக்களைத்தான் தேடுகிறார்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஸ்கேனர் வேலைகள், ஏ.எம்.டி கியர் (கிளட்ச் மிதி இல்லாமல் தானாக மாறும் கியர்) ஆகியவற்றைச் சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள்.

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏ.சி. கிருமிநீக்கம், உட்புற நுரைச் சுத்தம் என்று வரும் வரிகளை அடித்துவிடலாம். பிரேக் ஆயில் மாற்றுவதை அடிக்கக் கூடாது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் விடவே கூடாது. ஏர் ஃபில்டரையும் கேபின் ஃபில்டரையும் மணலி, எண்ணூர் தூசியில் கையேடு சொல்லும் கிலோமீட்டருக்குப் பாதியிலேயே கழற்றிப் பாருங்கள். இரண்டையும் கையாலேயே மாற்றலாம். கூலி கொடுப்பதே வீண்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு உப்புதான் எதிரி. பிரேக் காலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகினால் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேய்ந்து, சக்கரம் சூடாகும், மைலேஜ் விழும். வருடத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிச் சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். இந்தக் கரையோரத்தில் பல போர்வெல்களில் உப்புநீர் வருகிறது. அதை அழுத்தத்தோடு அடிப்பாகத்தில் பீய்ச்சினால் துருவை நாமே காசு கொடுத்து வரவழைக்கிறோம்.

சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போகும். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லையென்றால் அந்தச் செலவு நம் தலையில். டயருக்கும் இதே போல ஒரு விதி இருக்கிறது: சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது, விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால் மாற்றும் செலவில் 50 சதவீதம் வரைதான்.

மாட்டும் நாளில்

நான்கு டயரின் தயாரிப்பு எண்களையும் மாட்டுவதற்கு முன் படம் எடுத்து, பில்லில் வரிசை எண்களை எழுதச் சொல்லுங்கள். ரப்பர் வால்வுகளைப் புதிதாக்குங்கள்; பழைய வால்வு வழியாக மெல்லக் காற்று இறங்கும். பேலன்சிங் எடையைக் கிராம் கணக்கில் பில் போடுவார்கள். ஒரு சக்கரத்துக்கு எடை வழக்கத்துக்கு மாறாக அதிகம் ஏறினால் டயரை ரிம்மில் பாதி சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்; அப்போதும் குறையாவிட்டால் ரிம் வளைந்திருக்கிறது. சக்கர நட்டுகளை ஏர் கன்னோடு விட்டுவிடாமல் கடைசியில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) குறுக்கும் நெடுக்குமாக இறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் திரும்பிப் போய் ஒருமுறை நட்டை இறுக்கிப் பார்த்து, ஸ்டெப்னியிலும் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.